பெட்டியில இருபதுன்னு எழுதியிருக்கு

அந்த இஞ்சு டேப்பைக் கொஞ்சம் பைக்குள்ள வச்சுக்கிடுங்க தம்பி. தப்பா நினைக்காதீங்க. பதினஞ்சு நாளா டேப்பு, ஸ்கேலு எதைக் கண்டாலும் எனக்கு எரிச்சலா வருது. தையல் கடையா வச்சிருக்கீங்க? சுரண்டையிலயா? நல்லது, நல்லது. இறங்கி எதுக்கு வெயில்ல நிக்கப் போறீங்க, இருங்க. பஸ்சு டயரைக் கழத்தி ஸ்டெப்னிய மாட்ட எப்படியும் அரை மணி நேரம் ஆகும். ஜாக்கி வேற இல்லையாம். பின்னால வார வண்டிய நிறுத்தி வாங்கணுமாம். விளங்கும்.

எனக்குப் பதினோரு மணிக்குத் தென்காசியில கல்வி ஆபீசுல நிக்கணும். மெமோ. என்னை விசாரிக்கப் போறாங்க. நான் சயின்ஸ் வாத்தியாரு, பேரு சீவலமுத்து. பத்தாங் கிளாசுக்கு எடுக்கேன். முப்பத்தோரு வருச சர்வீசு. வார மே மாசம் ரிட்டயர்மெண்டு. இத்தன வருசத்துல ஒரு மெமோ வாங்கினது கிடையாது, எங்கிட்டப் படிச்ச ஒரு பிள்ளை சயின்ஸ்ல பெயிலானது கிடையாது. இப்ப ஒரு லென்சுக்காக, ஆமா தம்பி, கண்ணாடி லென்சு, இந்தா இந்தப் பையிலதான் இருக்கு, இதுக்காக ஒரு பதினஞ்சு வயசுப் பிள்ளை என்னை ஆபீசுப் படி ஏற வச்சுட்டா.

சொல்லுதேன், கேளுங்க. நீங்க வெளியாளு. நீங்களே சொல்லுங்க, யார் மேல தப்புன்னு.

எங்க பள்ளிக்கூடத்து லேப்ல நுழைஞ்சதும் எதிர்ச் சுவத்துல பெருசா ஒரு போர்டு இருக்கும். 'அறிவியல் முறை'. அஞ்சு படி. உற்றுநோக்கு, கேள்வி கேள், ஊகம் செய், சோதித்துப் பார், முடிவு சொல். என் கைக்காசுல பெயிண்டு வாங்கி நானே எழுதினது. தினமும் வகுப்பு தொடங்குமுன்ன பிள்ளைய எல்லாம் எந்திரிச்சு அதைச் சத்தமாச் சொல்லணும். ஒருத்தன் வாயசைக்காம நின்னாலும் எனக்குத் தெரிஞ்சிரும். வேற எந்தப் பள்ளிக்கூடத்துல உண்டு, சொல்லுங்க? பரீட்சையில 'அறிவியல் முறையின் படிகளை எழுதுக'ன்னு அஞ்சு மார்க் கேள்வி வந்தா, எம் பிள்ளைய ஒருத்தர் விடாம அஞ்சுக்கு அஞ்சு.

போன ஜூன்ல ஒரு பயிற்சின்னு கூப்பிட்டு மூணு நாள் உக்கார வச்சாங்க. சின்னப் பையன் ஒருத்தன் வந்து சொல்லுதான், பிள்ளைகளைக் கேள்வி கேக்க விடுங்க சார்ங்கான். நான் எந்திரிச்சுச் சொன்னேன், தம்பி, எங்க பள்ளிக்கூடத்துல வெள்ளிக்கிழமை ஏழாவது பீரியடு கேள்வி நேரம், பதினாறு வருசமா நடக்குன்னு. அறுவது கேள்வி நானே தயார் பண்ணி, பதிலோட எழுதிப் போட்டு வச்சிருக்கேன். இந்த வாரம் யார் எந்தக் கேள்வி கேக்கணும்னு திங்கட்கிழமையே சீட்டுக் குடுத்துருவேன். எல்லாப் பிள்ளையும் கேக்கும். இதுக்கு மேல என்ன சுதந்திரம் குடுக்க?

சரி, விசயத்துக்கு வாரேன்.

இந்த லென்ச ஜன்னலுக்கு நேராப் பிடிச்சா, தூரத்துல நிக்கிற மரம், லென்சுக்குப் பின்னால ஒரு பேப்பர்ல தலைகீழா விழும். பேப்பரை முன்னும் பின்னும் நகத்தணும். மரம் கிளையும் இலையுமாத் தெளிவா எங்க விழுதோ, அங்க நிறுத்தி, லென்சுக்கும் பேப்பருக்கும் நடுவுல அளக்கணும். அதுதான் குவியத்தொலைவு. ஒவ்வொரு லென்சுக்கும் ஒரு தூரம் உண்டு. எங்க லென்சுக்கு இருபது சென்டிமீட்டர். அது வச்சிருக்க மரப்பெட்டியிலயே இருபதுன்னு எழுதி ஒட்டியிருக்கு. இது பத்தாங் கிளாஸ் பிராக்டிகல்ல ஒரு சோதனை.

எங்ககிட்ட இருக்கது இந்த ஒரே லென்சுதான். பிள்ளைய அம்பத்திரண்டு. ஆளுக்காளு தூக்கிக் குடுத்தா என்ன ஆகும்? பதினாலு வருசத்துக்கு முன்னால அப்படித்தான் ஒருத்தன் கையில குடுத்தேன், கீழ போட்டு, சில்லுச் சில்லா ஒடைச்சுட்டான். அப்பவும் நாங்க பாடத்தை நிறுத்தல தம்பி. எங்க லேப் அட்டெண்டர் கோமதிநாயகம், இப்ப இல்ல, ரிட்டயர் ஆகிப் போயிட்டாரு, சாயங்காலமே எங்கயோ அலைஞ்சு ஒரு லென்ச வாங்கியாந்து அதே பெட்டியில வச்சுட்டாரு. மறுநாள் காலையில வகுப்பு நடந்தது. அவ்வளவு பொறுப்பு. அதுலயிருந்து நான் லென்ச யார் கையிலயும் குடுக்கது கிடையாது. பெட்டிய மேசையில வச்சு, திறந்து காட்டிட்டு, மூடிருவேன். ரீடிங்க போர்டுல எழுதிப் போட்டுருவேன். பாத்து ரெக்கார்டு நோட்டுல எழுதிக்கிட வேண்டியதுதான்.

சும்மா எழுதச் சொல்லிருவேன்னு நினைக்காதீங்க. அதுலயும் ஒரு முறை இருக்கு. ஆறு ரீடிங்கும் இருபது இருபதுன்னு போட்டா வெளியில இருந்து வார எக்ஸாமினர் நம்புவாரா? அதனால ஒண்ணு பத்தொம்பது பாயிண்ட் ஒம்பது, ஒண்ணு இருபது பாயிண்ட் ஒண்ணு, ஒண்ணு இருபது. கூட்டி வகுத்தா சரியா இருபது வரணும். அப்பதான் அளந்த மாதிரி இருக்கும். பக்கத்துல இருக்கவன் ரீடிங்கும் உன் ரீடிங்கும் ஒண்ணா இருக்கக் கூடாதுன்னு ஆளுக்காளு நானே மாத்திக் குடுப்பேன். அம்பத்திரண்டு பேருக்கும். எவ்வளவு வேலை தெரியுமா அது? எந்த வாத்தியாரு இவ்வளவு பாடுபடுவாரு?

இதுல முப்பிடாதின்னு ஒரு பிள்ளை. முதல் பெஞ்சுல ஓரத்துல உக்காந்திருக்கும். அம்மா பீடி சுத்துதவ. அப்பா இல்ல. இந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் விட்டதும் உக்காந்து பீடி இலை வெட்டும். அளவுத் தகரத்தை வச்சு வெட்டணும்லா, ஒரு நூல் கூடினாலும் குறைஞ்சாலும் பீடிக்கடையில கழிச்சுப் போட்டுருவான். அந்தப் பழக்கமோ என்னமோ, எதையும் வச்சுப் பாக்கணும் அதுக்கு. 'ஏன் சார்', 'எப்படி சார்'. நல்ல பிள்ளைதான். படிக்கும். ஆனா சீட்டுல இல்லாத கேள்வியெல்லாம் கேக்கும்.

பதினஞ்சு நாளைக்கு முன்னால, மத்தியானம் முதல் பீரியடு. எனக்கு வருகைப் பதிவ ஆன்லைன்ல ஏத்துத வேலை. நெட்டு கிடைக்காது, பள்ளிக்கூடத்துல ஒரு மூலையிலதான் சிக்னல் வரும், அங்க போய் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். இப்ப வாத்தியாருக்கு அதுதான் வேலை, பாடம் எடுக்கது இல்ல. நான் அங்க நிக்கேன். இந்தப் பிள்ளை லேப்ல பெட்டியத் திறந்து லென்ச எடுத்திருக்கு. ஜன்னலுக்கு நேராப் பிடிச்சிருக்கு. வெளிய தண்ணித் தொட்டி தெரியும். இன்னொரு பிள்ளைய ஸ்கேலைப் பிடிக்கச் சொல்லி, ஆறு தடவ அளந்திருக்கு.

மறுநாள் ரெக்கார்டு நோட்டைத் திருத்துதேன். ஒவ்வொண்ணா ரைட்டு, ரைட்டு, ரைட்டு. முப்பிடாதி நோட்டுல வந்து கை நின்னுபோச்சு. முடிவு, குவியத்தொலைவு, பதினஞ்சு பாயிண்ட் ஒண்ணு.

பதினஞ்சு!

அரை சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தா நானே திருத்தியிருப்பேன். அஞ்சு சென்டிமீட்டர் தம்பி. சிவப்பு மையால குறுக்க ஒரு கோடு போட்டு, 'தவறு, திருத்தி எழுதுக'ன்னு எழுதிக் குடுத்தேன். மறுநாள் வேற பக்கத்துல எழுதிக் கொண்டாந்தா. மறுபடியும் பதினஞ்சு பாயிண்ட் ஒண்ணு. எனக்கு எப்படி இருக்கும்?

எந்திரிக்கச் சொன்னேன். "ஏட்டி, போர்டுல என்ன போட்டிருக்கேன்?"

"இருபது சார்."

"பெட்டியில என்ன எழுதியிருக்கு?"

"இருபது சார்."

"பெறகு நீ என்ன எழுதியிருக்க?"

"அளந்தா பதினஞ்சுதான் சார் வருது."

நான் சொன்னேன், உனக்கு அளக்கத் தெரியல, பெட்டியிலயே இருக்கத விடப் பெரிய அறிவாளியா நீன்னு. அதுக்கு அவ சொல்லுதா, "பெட்டியிலதான் சார் எழுதியிருக்கு. லென்சுல எழுதலையே."

அம்புட்டுப் பிள்ளையும் சிரிச்சுட்டு. முப்பத்தோரு வருசத்துல எங்கிட்ட இப்படி ஒருத்தரும் பேசினது இல்ல. வெளிய போ, திருத்தி எழுதிக்கிட்டு உங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன், அதுவரைக்கும் ரெக்கார்டுல கையெழுத்துக் கிடையாதுன்னேன்.

நோட்டை எம் மேசையிலயே வச்சுட்டுப் போனா. போனவ போனவதான். பதினோரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வரல.

ரெக்கார்டு நோட்டுல வாத்தியார் கையெழுத்து இல்லைன்னா பிராக்டிகல்ல உக்கார முடியாது, தெரியுமா? வார திங்கட்கிழமை பிராக்டிகல். அதுக்குப் போகலைன்னா சயின்ஸ் பெயிலு. சயின்ஸ் பெயில்னா பத்தாங் கிளாஸே பெயிலு. அதுக்குப் பெறகு என்ன, இலை வெட்டிக்கிட்டே கிடக்க வேண்டியதுதான். நான் வேணும்னா செய்தேன்? நான் கல் மனசுக்காரனா? ரெண்டு தடவ ஆள் விட்டேன். வந்து ஒரே ஒரு வரிய மாத்தச் சொல்லுங்க, பதினஞ்ச இருபதாக்கச் சொல்லுங்க, அந்த நிமிசமே கையெழுத்துப் போட்டுருதேன்னு சொல்லி அனுப்பினேன். எவ்வளவு இறங்கிப் போயிருக்கேன் பாருங்க. அங்கயிருந்து என்ன பதில் வருது? 'சாரை அளந்து பாக்கச் சொல்லுங்க.'

அவ அம்மா வந்தா. வாசல்லயே நின்னா. உள்ள வரச் சொன்னாலும் வரல. சொல்லுதா, "சார், எனக்கு ஒண்ணும் தெரியாது. அவ என்னமோ அளக்கச் சொல்லுதா. நீங்க ஒருக்கா அளந்து இருபதுன்னு காட்டிட்டீங்கன்னா அவளே திருத்திருவா சார். சோறு கூடத் திங்க மாட்டேங்கா."

எனக்கு வந்துச்சே கோபம். முப்பத்தோரு வருசம் சர்வீசு போட்டவன், ஒரு பதினஞ்சு வயசுப் பிள்ளை சொல்லிட்டாங்கிறதுக்காக ஜன்னல்ல போய் ஸ்கேலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா? நாளைக்கு இன்னொருத்தன் வந்து தண்ணி நூறு டிகிரியில கொதிக்கல சார்ம்பான். அதையும் கொதிக்க வச்சுக் காட்டணுமா? இப்படி ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா சயின்ஸ் பாடத்தை எப்பம் முடிக்க? போர்சன் முடிய வேண்டாமா? எங்க ஹெச்.எம். மேடமும், "அளந்துட்டாத்தான் என்ன சார்"ங்காங்க. அவங்க தமிழம்மா, அவங்களுக்கு என்ன தெரியும்.

அந்தத் தாயும் மகளும் போன திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுல குறைதீர்க்கிற நாள்ல போய் மனுக் குடுத்துட்டாங்க. மனுவோட நகலை மெமோவோட அனுப்பியிருக்காங்க. பிள்ளை கையெழுத்துதான். முத்து முத்தா எழுதும். என்னைப் பத்தி என்னென்ன எழுதியிருப்பாளோன்னு பயந்துக்கிட்டே பிரிச்சேன். சார் திட்டினாரு, வெளிய அனுப்பினாருன்னு எழுதியிருக்கலாம்லா? ஒரு வார்த்தை இல்ல. 'ஐயா, தயவு செய்து எங்கள் பள்ளியின் லென்சை யாராவது அளந்து பாருங்கள்.' அவ்வளவுதான். கீழ பேரு, வகுப்பு.

அதைப் பாத்துட்டு ஆபீசுல இருந்து, லென்சையும் அந்தப் பிள்ளையோட ரெக்கார்டு நோட்டையும் எடுத்துக்கிட்டு, ரீடிங்கோட விளக்கக் கடிதம் எழுதி வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வரணும்னு மெமோ. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. இந்த பஸ்சு இங்க படுத்துக் கிடக்கு.

கடிதம் எல்லாம் எழுதிட்டேன். நேத்து வீட்டுல உக்காந்து நாலு தாள் எழுதினேன். பாருங்க, அட்டவணை. ஆறு ரீடிங். இருபது, பத்தொம்பது பாயிண்ட் எட்டு, இருபது பாயிண்ட் ரெண்டு. சராசரி இருபது. எப்படி இருக்கு?

என்ன கேக்கீங்க? லென்சா? லென்சு பள்ளிக்கூடத்துல பீரோவுல இருந்தது. இன்னைக்குக் காலையிலதான் போய் எடுத்தேன்.

அப்படின்னா… அனுபவம் தம்பி. முப்பத்தோரு வருச அனுபவம். இருபதுன்னு தெரிஞ்ச ஒண்ண எதுக்கு அளக்கணும்? நீங்க சட்டை தைக்கீங்க, ஆளைப் பாத்ததுமே அளவு சொல்லிர மாட்டீங்களா?

அளந்துதான் வெட்டுவீங்களா. எத்தன வருசமானாலுமா. சரி, உங்க தொழில் வேற.

உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன. நானும் ஒரு காலத்துல அளந்தவன்தான். காலேஜுல முதல் வருசம், ஒரு குண்டை நூல்ல கட்டி ஆட விட்டு, அது ஆடுத நேரத்தை வச்சுப் பூமியோட இழுப்பைக் கணக்குப் போடணும். ஒம்பது பாயிண்ட் எட்டு வரணும். எனக்குப் பத்து பாயிண்ட் ஆறு வந்துச்சு. லேப் சாரு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டாரு. திரும்பவும் செய்தேன். பத்து பாயிண்ட் ஆறு. கிழிச்சாரு. சாயங்காலம் எல்லாரும் போன பெறகும் நான் மட்டும் நூலும் குண்டுமா நிக்கேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வருது. அப்ப சீனியர் ஒருத்தன் வந்து, கோட்டிக்காரா, விடையில இருந்து பின்னால கணக்குப் போட்டு ரீடிங்க எழுதுலேன்னு சொல்லிக் குடுத்தான். அஞ்சு நிமிசத்துல முடிஞ்சது. சாரு 'குட்'னு போட்டாரு. அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.

அந்தப் பத்து பாயிண்ட் ஆறு ஏன் வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நூலைக் குண்டோட நடு மட்டும் அளக்கணும், நான் குண்டுக்கு மேலயே நிறுத்திட்டேனா? அப்படின்னா குறையத்தான வரும், கூட வராது. நேரத்தை எண்ணினது பிசகா? யாராவது அப்ப ஒருத்தர் பக்கத்துல நின்னு, வாடே, எங்க பிசகுதுன்னு பாப்போம்னு சொல்லியிருந்தா… சவத்தை விடுங்க. அது போச்சு.

என்ன, டேப்பை மறுபடியும் எடுக்கீங்க? நான் வேண்டாம்னேன்லா.

அதுல பின்பக்கம் சென்டிமீட்டர் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? தெரியும் தம்பி. பஸ்சுக்குள்ள எப்படி அளக்க, ஸ்டாண்டு இல்ல, திரை இல்ல. பஸ்சு ஆடவா செய்யுது? ஆடல. சரி. சும்மா நிக்கிற நேரம், உங்க மனசுக்கு ஆகட்டும். நான் உங்களுக்காகத்தான் செய்யுதேன், பாத்துக்கிடுங்க, எனக்குச் சந்தேகம் ஒண்ணும் கிடையாது.

அந்தா தெரியுதுலா காத்தாடி, காத்துல கரண்டு எடுக்குத பெரிய காத்தாடி, அந்தக் கடைசியில நிக்கது. அதைப் பிடிப்போம். இந்தக் கடிதத்தோட பின்பக்கம் வெள்ளையா இருக்கு, இதையே திரையா வச்சுக்கிடுவோம். ஜன்னல் பக்கம் கொஞ்சம் விலகுங்க.

வருது. வருது… ஆங். விழுந்துட்டு.

பாத்தீங்களா! தலைகீழா! றெக்கை மூணும் சுத்துது பாருங்க, இத்தனூண்டு. அடியில வானம், மேல செடி கொடியெல்லாம். எவ்வளவு தெளிவா விழுது. நான் இதைப் பாத்தே… இந்த லென்சுல நான் இதைப் பாத்ததே இல்ல போலருக்கு. சுத்துது பாருங்களேன்.

சரி, அளங்க. நான் அசையாமப் பிடிச்சிருக்கேன். லென்சோட விளிம்புல வைக்காதீங்க, நடுவுக்கு நேரா வைங்க. இந்தப் பக்கம் தாள் மட்டும். தொய்யாம. என்ன வருது?

எவ்வளவு?

தப்பு. இஞ்சுப் பக்கத்தைப் பாத்திருப்பீங்க. இஞ்சுன்னா எட்டுக்குப் பக்கத்துல வரணுமே. அப்ப சென்டிமீட்டர்தானா? உங்க டேப்பு துணி டேப்பு, பழசு, இழுத்துப் போயிருக்கும். தீபாவளிக்குத்தான் வாங்கினதா? இழுத்துப் போயிருந்தாலும், இருபது பதினஞ்சாத் தெரியணும்னா மூணுல ஒரு பங்கு நீண்டிருக்கணும். பழைய அளவு நோட்டைப் பாத்து அந்த டேப்பால வெட்டின சட்டையெல்லாம் தொளதொளன்னு போயிருக்கும். யாராவது சண்டைக்கு வந்தாங்களா? வரல.

ஒரு தடவ அளந்து முடிவு சொல்லக் கூடாது. மூணு தடவையாவது எடுக்கணும். அதுதான் முறை. நான் தாளை எடுத்துட்டு மறுபடி வைக்கேன். பழைய அளவை மனசுல வச்சுக்கிட்டு அளக்காதீங்க. உங்களுக்கு எது வருதோ அதைச் சொல்லுங்க. உங்களுக்கு நான் மார்க்கு போடப் போறதில்ல.

பதினஞ்சு.

இன்னொண்ணு.

பதினஞ்சு பாயிண்ட் ஒண்ணு. முதல்ல என்ன சொன்னீங்க, பதினஞ்சு பாயிண்ட் ரெண்டு. கூட்டினா நாப்பத்தஞ்சு பாயிண்ட் மூணு. மூணால வகுத்தா…

வகுக்க வேண்டாம். தெரிஞ்சு போச்சு.

கோமதிநாயகம் அந்த லென்ச எங்க வாங்கினாருன்னு நான் கேக்கவே இல்ல தம்பி. சாயங்காலத்துல எங்க கிடைச்சதோ அதை வாங்கியிருக்காரு. பெட்டிதான் பழைய பெட்டி. பெட்டியில இருந்தது உடைஞ்சு போன லென்சோட இருபது. பதினாலு வருசம். வருசத்துக்கு அம்பது பிள்ளையன்னா எழுநூறு பிள்ளைய. எழுநூறு பேரும் இருபதுன்னு எழுதினாங்க, எழுநூறுக்கும் நான் ரைட்டுப் போட்டேன். ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் தப்புன்னு போட்டேன்.

கொஞ்சம் தண்ணி இருக்கா? இருங்க, எங்கிட்டயே இருக்கு.

மே மாசம் ரிட்டயர்மெண்டு. இந்த நாலு தாளக் குடுத்தா அவங்க ஒண்ணும் அளக்கப் போறதில்ல தம்பி. வாங்கி பைல்ல வச்சுட்டு அனுப்பிருவாங்க. எனக்குத் தெரியும். என்னை மாதிரி ஆளுங்கதான் அங்கயும் இருக்காங்க. ரீடிங்கெல்லாம் அவ்வளவு அழகா இருக்கு. குடுத்தா முடிஞ்சது.

அந்தப் பையில நீல அட்டை போட்ட நோட்டு இருக்கும், எடுங்க. அதுதான் அவ ரெக்கார்டு. பக்கம் இது. இந்தா நான் போட்ட கோடு. எவ்வளவு அழுத்திப் போட்டிருக்கேன் பாருங்க, அடுத்த தாள் வரைக்கும் பதிஞ்சிருக்கு. கோட்டுக்கு அடியில அவ எழுதினது தெரியுது. பதினஞ்சு பாயிண்ட் ரெண்டு, பதினஞ்சு, பதினஞ்சு பாயிண்ட் ஒண்ணு.

உங்ககிட்ட நீலப் பேனா இருக்கா தம்பி? எங்கிட்ட இருக்கது சிவப்புதான். இல்லையா. சாக்குக்கட்டிதான் இருக்கா. சரி, சிவப்புலயே போடுதேன். என்ன இப்ப. சீவலமுத்து. தேதி போட்டுருதேன்.

திங்கட்கிழமைதான பிராக்டிகல். ஆபீசுல முடிச்சுட்டு சாயங்காலமே கொண்டு போய்க் குடுத்துருவேன். வீடு… வீடு எங்க இருக்குன்னு தெரியல. கேட்டுக்கிடலாம். பீடி சுத்துத வீடுன்னு கேட்டா அந்தத் தெருவுல எல்லா வீட்டையும் காட்டுவாங்க. பிள்ளை பேரைச் சொல்லிக் கேக்கணும்.

டயரு மாட்டிட்டாங்க போலருக்கு. உக்காருங்க, உக்காருங்க. டேப்பைச் சுருட்டி வைங்க.

இருந்தாலும் ஒண்ணு சொல்லணும் தம்பி. எம் பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. கலெக்டர் ஆபீசு வரைக்கும் போகணுமா? எங்கிட்ட மரியாதையாச் சொல்லியிருக்கலாம்லா? சார், இந்த மாதிரி இருக்கு, நீங்களே ஒரு தடவ பாருங்கன்னு தணிவாச் சொல்லியிருந்தா நான் என்ன பாக்காமலா…

சொன்னா.

வெளிய போன்னு சொன்ன பெறகும் வாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நின்னு சொன்னா. "நீங்க ஒரு தடவ அளந்து பாருங்க சார்." நான் போர்டுப் பக்கம் திரும்பி அடுத்த பாடத்தை எழுதிக்கிட்டு இருந்தேன். மூணு தடவ சொன்னா தம்பி.